போனை மாத்தணுமா? முதலில் தட்டிப் பாருங்கள்!

ஆடித் தள்ளுபடி வந்தாலும் சரி, தீபாவளி வந்தாலும் சரி, பேப்பரைப் பிரித்தால் முழுப் பக்கத்துக்குப் போன் விளம்பரம். 'பழசைக் கொடுங்கள், புதுசை எடுத்துப் போங்கள்' என்று கைதட்டிக் கூப்பிடுகிறார்கள்.

பழைய புடவைக்கும் வேஷ்டிக்கும் எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கும் தெருப் பாத்திரக்காரரை நம் அம்மாக்கள் நன்றாகவே அறிவார்கள். "இது சாயம் போயிடுச்சும்மா, இது கிழிசல்" என்று அவர் மதிப்பைக் குறைப்பார். "அதெல்லாம் முடியாதுப்பா, இன்னொரு புடவை வேணா தர்றேன், அந்தப் பெரிய குண்டானை எடு" என்று அம்மா பிடிவாதமாக நிற்பார். கடைசியில் குண்டானைக் கையில் வாங்கி, விரலால் தட்டி, சத்தத்தைக் கேட்ட பிறகுதான் உள்ளே போவார்.

அந்தச் சாமர்த்தியம் நமக்கும் இருக்கிறது. ஆனால் போன் கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்ததும் அது எங்கேயோ ஓடி ஒளிந்துகொள்கிறது! காரணம் வேறொன்றுமில்லை. பாத்திரத்தைத் தட்டிப் பார்க்கத் தெரிந்த நமக்குப் போனைத் தட்டிப் பார்க்க யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பதினைந்தாயிரம், இருபதாயிரம் என்பது ஒரு குடும்பத்துக்குச் சின்னத் தொகையா? இரண்டு மாத மளிகைக்குக் காணும். சில வீடுகளில் குழந்தையின் ஒரு டேர்ம் ஃபீஸ். அதே சமயம், பாங்க் கணக்கு முழுவதையும் சுமந்துகொண்டிருக்கிற போனை, 'இருக்கறதை வச்சு ஓட்டுவோம்' என்று அது மூச்சை விடும்வரை ஓட்டுவதும் சிக்கனம் ஆகாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு: போனின் வயதைப் பார்க்காதீர்கள், அது செய்யும் வேலையைப் பாருங்கள்.

யார் போனுக்கு என்ன வேலை?

சாயந்திரம் காப்பி குடித்துவிட்டு ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எத்தனை போன் இருக்கிறது, ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது என்று எழுதுங்கள்.

வீட்டுக்காரர் போன்: ஆபீஸ் பேச்சு, மெயில், கிரிக்கெட் ஸ்கோர். காலேஜ் போகும் மகள் போன்: பாடம், பாட்டு, போட்டோ. இப்போது உங்கள் போனுக்கு வாருங்கள். ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப், கேஸ் சிலிண்டர் புக்கிங், கரண்ட் பில், காய்கறிக்காரருக்கு யு.பி.ஐ.யில் பணம், மாமனாரின் சர்க்கரை ரிப்போர்ட், குழந்தையின் தடுப்பூசித் தேதி, வேன் டிரைவரின் அழைப்பு, பாங்கிலிருந்து வரும் ஓ.டி.பி... தாளே போதாது, இல்லையா?

வீட்டிலேயே அதிக வேலை செய்யும் போன் உங்களுடையதுதான். ஆனால் வழக்கம் என்ன? புதுப் போன் வந்தால் அது வீட்டுக்காரருக்கு, இல்லாவிட்டால் பிள்ளைக்கு. அவர்களுடைய பழசு அம்மாவுக்கு. அம்மாவின் பழசு பாட்டிக்கு. மீந்துபோன சாதம் அம்மா தட்டுக்கு வருகிற மாதிரிதான் இதுவும்! "நான் வீட்ல தானே இருக்கேன், எனக்கெதுக்குப் புதுசு?" என்று நாமே சொல்லி அந்த வழக்கத்துக்கு எண்ணெய் ஊற்றுகிறோம்.

ஒரு வீட்டில் இப்படிப் பேச்சு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

"என்னங்க, என் போன் மத்தியானமே செத்துப் போயிடுது."

"கொஞ்சம் பொறு. தீபாவளிக்கு நான் புதுசு வாங்கறேன். என்னோடதை நீ வச்சுக்கோ."

கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். அவருடைய இரண்டு வருஷப் போனில் ஒரு குறையும் இல்லை. 18,000 ரூபாய் செலவழித்து, நன்றாக ஓடுகிற போனை மாற்றுகிறார்கள். குறை இருந்த இடத்துக்கு வருவதோ இரண்டு வருஷம் தேய்ந்த பேட்டரி. அதற்குள் தீபாவளி வரை மூன்று மாதம். 'குழந்தைக்கு ஜுரம் கொதிக்குது, வந்து கூட்டிட்டுப் போங்க' என்று மூன்று மணிக்கு ஸ்கூலிலிருந்து கூப்பிட்டால், 'நீங்கள் தொடர்புகொள்ளும் எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது' என்றுதான் அங்கே கேட்கும்.

இதே வீட்டில் சுமார் 2,000 ரூபாயில் அவளுடைய பேட்டரியை மாற்றியிருந்தால் அன்றைக்கே காரியம் முடிந்திருக்கும். இல்லை, புதுசு வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், அதிக வேலை செய்கிற போனுக்குப் பதிலாக அதை வாங்கியிருக்க வேண்டும். இது ஆசை விஷயம் இல்லை, வீட்டு நிர்வாகம். தாளைக் காட்டிப் பேசினால் எந்தக் கணவரும் ஒப்புக்கொள்வார்.

தட்டிப் பார்க்க நாலு இடம்

போனுக்கு வருகிற கோளாறுகளில் பெரும்பாலானவை நாலே வகை. நாலுக்கும் கைமருந்து உண்டு.

முதலாவது, 'ரொம்ப மெதுவா இருக்கு.' இது அநேகமாக வயதின் கோளாறு இல்லை. பரண் நிறைந்துபோன கோளாறு. காலை வணக்கம் ரோஜாப்பூ, சாமி படம், கல்யாண வீடியோ என்று வாட்ஸ்அப்பில் வந்ததெல்லாம் போனிலேயே மூட்டை கட்டிக் கிடக்கும். வாட்ஸ்அப்பின் செட்டிங்ஸுக்குள் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா', அதற்குள் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' என்று இருக்கும். பெரிய பெரிய வீடியோக்களை அதுவே வரிசையாகக் காட்டும். வேண்டாததை அழியுங்கள். அங்கேயே, வருகிற படங்கள் தானாக இறங்குவதையும் நிறுத்திவிடலாம். பிறகு ஆறு மாதமாகத் தொடாத ஆப்களை நீக்குங்கள். மொத்த இடத்தில் பத்தில் ஒரு பங்காவது காலியாக இருந்தால்தான் போனுக்கு மூச்சு விட முடியும். இதைச் செய்தபிறகு ஒருமுறை அணைத்துப் போடுங்கள். பாதி வீடுகளில் 'புதுப் போன்' பேச்சு இத்துடன் நின்றுவிடும்!

இரண்டாவது, 'சார்ஜ் நிக்கலை.' போனுக்குள் இருக்கும் லித்தியம் அயான் பேட்டரி, காய்கறி மாதிரி நாளுக்கு நாள் வாடும் சரக்கு. சில நூறு தடவை முழுசாக ஏற்றி இறக்கியபின் அதன் கொள்ளளவு நூற்றுக்கு எண்பதாகக் குறையும். ஐபோன் 14 வரையிலான மாடல்களுக்கு 500 தடவை என்றும், 15-லிருந்து 1,000 தடவை என்றும் அந்தக் கம்பெனியே கணக்குச் சொல்கிறது. ஐபோனில் செட்டிங்ஸில் பேட்டரி என்ற இடத்தில் 'பேட்டரி ஹெல்த்' எத்தனை சதவீதம் என்று தெரியும். ஆண்ட்ராய்டு போன்கள் சிலவற்றிலும் இந்த வசதி உண்டு. 80-க்குக் கீழே போயிருந்தால் மாற்றவேண்டியது போன் இல்லை, பேட்டரி. பேட்டரிக்கு முதல் எதிரி சூடு. அடுப்பு மேடையில் சாய்த்துவைத்துச் சமையல் வீடியோ பார்ப்பது, தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் ஏற்றுவது, வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுப் போவது, மூன்றையும் இன்றைக்கே விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, 'சார்ஜே ஏற மாட்டேங்குது.' ஓட்டையில் பஞ்சும் தூசியும் அடைத்துக்கொண்டிருக்கும். கைப்பையிலும் இடுப்புச் செருகலிலும் போன் இருந்தால் இது சகஜம். போனை அணைத்துவிட்டு, மரத்தாலான பல் குத்தும் குச்சியால் மெதுவாக எடுக்கலாம். ஹேர்பின், ஊக்கு வேண்டவே வேண்டாம். உள்ளே இருக்கும் மெல்லிய தகடு வளைந்துவிடும். பக்கத்து வீட்டு சார்ஜரையும் ஒயரையும் ஒருதடவை மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஒயர் போனதற்குப் போனை மாற்றினவர்களும் உண்டு.

நாலாவது, கண்ணாடி விரிசல். தொடுவது நன்றாக வேலை செய்கிறது, மேலே மட்டும் கீறல் என்றால் மேலே ஒரு டெம்பர்டு கிளாஸ் ஒட்டி ஓட்டலாம். சில்லு உதிர்கிறது, படத்தில் கோடு விழுகிறது என்றால் ஸ்க்ரீனையே மாற்றணும். நாலில் இதுதான் செலவு கூடியது. போன் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கேட்டால், அங்கே நின்று யோசியுங்கள்.

இதோடு ஒரு சமையலறைச் செய்தி. போன் தண்ணீரில் விழுந்தால் அரிசிப் பானைக்குள் புதைத்துவைப்பது நம் வீடுகளில் பழகிப்போன வைத்தியம். அது கூடாது, அரிசியின் நுண்ணிய துகள் உள்ளே போய்க் கெடுத்துவிடும் என்று ஐபோன் கம்பெனியே தன் உதவிக் குறிப்பில் எழுதியிருக்கிறது. ஓட்டை கீழ்ப்பக்கம் இருக்கும்படி பிடித்து மெல்லத் தட்டித் தண்ணீரை வடித்து, காற்றாடும் இடத்தில் வையுங்கள். காயும்வரை சார்ஜ் போடாதீர்கள்.

ரிப்பேருக்குக் கொடுக்கும் முன்

சென்னையில் ரிச்சி தெரு மாதிரி ஒவ்வொரு ஊரிலும் ரிப்பேருக்குப் பேர்போன ஒரு தெரு இருக்கும். வாரண்டி இருக்கும்வரை கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே போங்கள். வெளியே பிரித்தால் வாரண்டி போய்விடும். வாரண்டி முடிந்துவிட்டதானால் இரண்டு இடத்தில் விலை கேளுங்கள். "தம்பி, கம்பெனி பேட்டரியா, லோக்கலா? எத்தனை மாசம் கியாரண்டி? பில்லில எழுதித் தருவியா?" இந்த மூன்று கேள்வியைக் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள்.

அதைவிட முக்கியம், போனுக்குள் இருக்கும் உங்கள் படங்களும் பாங்க் விஷயங்களும். சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிக்கொண்டு கொடுங்கள். யு.பி.ஐ. பின் நம்பரை யாருக்கும் சொல்லாதீர்கள். முடிந்தால் எதிரிலேயே உட்கார்ந்து வாங்கிவாருங்கள். சாம்சங் போன்களில் 'மெயின்டனன்ஸ் மோட்', பிக்சல் போன்களில் 'ரிப்பேர் மோட்' என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்தால் பழுது பார்ப்பவருக்கு உங்கள் படமோ செய்தியோ தெரியாது.

மத்திய அரசின் நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் 'ரைட் டு ரிப்பேர்' என்ற இணையதளத்தைத் தொடங்கியது. எந்தக் கம்பெனிப் பொருளை எங்கே பழுது பார்க்கலாம், உதிரி பாகம், வாரண்டி என்ன என்பதையெல்லாம் ஒரே இடத்தில் திரட்டித் தருவதற்காக வந்தது அது. ஏமாற்றப்பட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடலாம். நம் வரிப்பணத்தில் நடப்பதுதானே, தயங்காதீர்கள்.

எப்போது மாத்தியே ஆகணும்?

சிக்கனத்துக்கும் ஓர் எல்லை உண்டு. கீழே சொல்லும் நாலில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள்.

ஒன்று: பேட்டரி உப்பி, பின்பக்க மூடியோ கண்ணாடியோ தூக்கிக்கொண்டு நின்றால் அது ஆபத்து. அந்த நிமிஷமே அணைத்துவிட்டு, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்து, கடைக்குக் கொண்டுபோங்கள். குத்தவோ அமுக்கவோ கூடாது, தீப்பிடிக்கும். பேட்டரியை மட்டும் மாற்ற முடியுமா என்பதை அவர்கள் பார்த்துச் சொல்வார்கள்.

இரண்டு: 'பாதுகாப்பு அப்டேட்' நின்றுபோன போன். இதைத்தான் நாம் கவனிப்பதே இல்லை. வீட்டுக் கதவின் பூட்டை எப்படித் திறப்பது என்று திருடர்கள் புதுப் புது வழி கண்டுபிடிக்கிறார்கள்; கம்பெனி அவ்வப்போது பூட்டைச் சரிசெய்து அனுப்புகிறது. அதுதான் அப்டேட். சில வருஷம் கழித்து அனுப்புவதை நிறுத்திவிடுவார்கள். போன் பார்க்கப் பளபளப்பாக இருக்கும், பூட்டு பழசாகிவிடும். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸில் 'அபௌட் போன்' அல்லது ஆண்ட்ராய்டு வெர்ஷன் என்ற இடத்தில் கடைசி செக்யூரிட்டி அப்டேட் எந்தத் தேதி என்று இருக்கும். ஒரு வருஷத்துக்கு மேல் பழசு, புதிதாகவும் எதுவும் வரவில்லை என்றால், அந்தப் போனில் பாங்க் ஆப்பும் யு.பி.ஐ.யும் வைத்துக்கொள்ள வேண்டாம். பாட்டுக் கேட்கவும் பேசவும் அது போதும். பணம் வைக்க அது பெட்டி இல்லை.

மூன்று: வேண்டிய ஆப்பே ஓடாமல் போவது. உதாரணமாக ஐபோன் 5எஸ், 6, 6 பிளஸ் மூன்றிலும் 2025 மே மாதத்தோடு வாட்ஸ்அப் நின்றுபோனது. கருவி பழுதில்லை; ஆனாலும் வேலை நடக்காது.

நாலு: உங்கள் வேலையே மாறிவிட்டது. வீட்டிலிருந்தே தையல், ஊறுகாய், டியூஷன் என்று தொழில் தொடங்கியிருக்கிறீர்கள். படம் தெளிவாக எடுக்கணும், நாள் முழுக்க ஆர்டர் பார்க்கணும். அப்போது போன் செலவு இல்லை, தையல் மெஷின் மாதிரி முதலீடு.

'5ஜி வந்துடுச்சே, மாத்த வேண்டாமா?' என்று கேட்பீர்கள். 2022 அக்டோபர் 1-ம் தேதி இந்தியாவில் 5ஜி தொடங்கியது உண்மைதான். ஆனால் 4ஜி நிற்கவில்லை. பேச, வாட்ஸ்அப், பில் கட்ட, வீடியோ பார்க்க 4ஜி தாராளம். புதுசு வாங்கும் நாளில் 5ஜியாக வாங்குங்கள். 5ஜிக்காக மட்டும் புதுசு வாங்காதீர்கள்.

ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு?

கல்யாண வீடுகளில் இப்போது புடவைக்கு அடுத்தபடி கவனிப்பது கையில் இருக்கும் போனைத்தான்! ஐபோன் நல்ல போன், நீண்ட நாள் உழைக்கும். 2018-ல் வந்த ஐபோன் எக்ஸ்ஆருக்கு 2024-ல் வந்த புது மென்பொருள்கூடக் கிடைத்தது. ஆனால் ஆண்ட்ராய்டிலும் இப்போது நிலைமை மாறிவிட்டது. 2023-ல் வந்த கூகுள் பிக்சல் 8-க்கும், 2024-ல் வந்த சாம்சங் எஸ்24-க்கும் ஏழு வருஷம் அப்டேட் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். 2024-ல் வந்த நடுத்தர விலை சாம்சங் ஏ16-க்கே ஆறு வருஷம். ஆகவே கடையில் காமிரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதற்கு முன், "எத்தனை வருஷம் செக்யூரிட்டி அப்டேட் வரும்?" என்று கேளுங்கள். விற்கிற பையன் ஒரு நிமிஷம் உங்களை ஆச்சரியமாகப் பார்ப்பான், பார்க்கட்டும்!

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது, வாடகை வீடு மாறுகிற மாதிரி. எல்லாச் சாமானும் தானாக வந்துவிடாது. கூகுள் டிரைவில் இருக்கும் வாட்ஸ்அப் பேக்கப்பை ஐபோனில் திரும்ப எடுக்க முடியாது. 2022-லிருந்து ஆண்ட்ராய்டு அரட்டைகளை ஐபோனுக்கு மாற்ற வழி வந்திருக்கிறது. ஆனால் இரண்டு போனும் கையில் இருக்கும்போது, புதுப் போனை முதன்முதலில் செட் செய்யும் நேரத்திலேயே செய்ய வேண்டும். பழசை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து தேடினால் கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான். காசு கொடுத்து வாங்கிய ஆப்களும் கூட வராது. சில கம்பெனிகள் பெட்டிக்குள் சார்ஜர் தருவதையே நிறுத்திவிட்டன; அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோரும் ஒரே வகை போன் வைத்திருந்தால், சந்தேகம் வரும்போது சொல்லிக் கொடுக்கவாவது ஆள் இருக்கும்.

பணக் கணக்கு

போன் விலையை மொத்தமாகப் பார்த்தால் தலை சுற்றும். மாதக் கணக்காகப் பாருங்கள். 18,000 ரூபாய்ப் போன் மூன்று வருஷம், அதாவது 36 மாதம் உழைத்தால் மாதம் 500 ரூபாய். பழைய போனுக்கு 2,000 ரூபாயில் பேட்டரி போட்டு இன்னும் இருபது மாதம் ஓட்டினால் மாதம் 100 ரூபாய்தான். மிச்சம் 400 ரூபாயை மாதாமாதம் தனியே எடுத்துவைத்தால், இருபதாவது மாதம் கையில் 8,000. அப்போது புதுப் போனுக்குக் கிட்டத்தட்டப் பாதிப் பணம் கடன் இல்லாமல் வந்துவிடும்.

'வட்டியில்லாத் தவணை' என்ற பலகையைப் பார்த்து மயங்காதீர்கள். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் பாங்க் 2013-லேயே பாங்குகளுக்குச் சொல்லிவிட்டது. ரொக்கமாகக் கொடுப்பவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி தவணைக்காரருக்குக் கிடைக்காமல் போகலாம். ப்ராசஸிங் ஃபீஸ், அதன் மேல் ஜி.எஸ்.டி. என்று சில்லறை சேரும். "ரொக்கம் என்ன விலை, தவணையில் எல்லாம் சேர்த்து என்ன விலை?" என்று இரண்டையும் எழுதி வாங்குங்கள்.

செகண்ட் ஹாண்ட் வாங்குவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. திருட்டுப் போனாக மட்டும் இருக்கக் கூடாது. *#06# என்று அழுத்தினால் ஐ.எம்.இ.ஐ. என்ற 15 இலக்க எண் வரும். கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துக்களை டைப் செய்து, ஓர் இடம் விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் போனின் விவரம் பதிலாக வரும். பெட்டியும் பில்லும் இல்லாத போனைத் தொடாதீர்கள். உங்கள் போனின் இந்த எண்ணையும் இன்றைக்கே ஒரு டைரியில் எழுதிவையுங்கள். தொலைந்தால், அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் அந்த எண்ணைக் கொண்டு போனையே முடக்கிவிடலாம்.

மாற்றும் நாளில்

நல்ல நாள் பார்ப்பது உங்கள் விருப்பம். ஆனால் ஃபீஸ் கட்டும் நாளுக்கு முந்தின தினம் மட்டும் வேண்டாம்! புதுப் போனில் யு.பி.ஐ. வைக்கும்போது, பாங்கில் பதிவான சிம் அதே போனில் இருக்க வேண்டும், அதிலிருந்து எஸ்.எம்.எஸ். போனால்தான் ஏற்கும். முதல் 24 மணி நேரத்துக்கு அனுப்பும் தொகையைச் சில பாங்குகள் குறைத்து வைக்கும்.

படங்களையும் காண்டாக்ட்ஸையும் வாட்ஸ்அப்பையும் பேக்கப் எடுங்கள். கூகுளில் இலவச இடம் 15 ஜி.பி.தான், 2024-லிருந்து வாட்ஸ்அப் பேக்கப்பும் அதில்தான் சேர்கிறது. குழந்தையின் முதல் நடை, அப்பாவின் குரல் மாதிரி திரும்பக் கிடைக்காதவற்றைக் கம்ப்யூட்டரிலோ பென் டிரைவிலோ இன்னொரு பிரதி வையுங்கள். ஒரு வாரம் பழைய போனை அழிக்காமல் வைத்திருந்து, எல்லாம் வந்துவிட்டதா என்று சரிபாருங்கள். பிறகு கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, 'ஃபேக்டரி ரீசெட்' செய்து, சிம்மையும் கார்டையும் எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

பழசு யாருக்கு?

'பாப்பாவுக்கு விளையாடக் கொடுத்துடலாம்' என்பதுதான் உடனே தோன்றும். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னதைக் கேளுங்கள்: இரண்டு வயது ஆகாத குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் நல்லது. தனக்கென்று ஒரு போன் கைக்கு வந்துவிட்டால் அந்த ஒரு மணி நேரம் எங்கே நிற்கும்? சோறு ஊட்டக் கதைதான் நல்லது.

பாட்டி தாத்தாவுக்குக் கொடுப்பதானால், எழுத்தைப் பெரிசாக்கி, மொழியைத் தமிழில் வைத்து, நாலு முக்கியமான நம்பரை முகப்பில் போட்டு, நல்ல பேட்டரியோடு கொடுங்கள். அவர்கள் கைக்குப் போவதும் அவசரத்துக்கு உதவவேண்டிய போன்தான். யாருக்கும் உதவாது என்றால் குப்பைத் தொட்டியில் போடாமல், மின்கழிவு வாங்கும் இடத்திலோ கம்பெனி சர்வீஸ் சென்டரிலோ சேர்த்துவிடுங்கள். சேலை அடுக்கின் அடியில் ஐந்து வருஷமாகக் கிடக்கும் பழைய போனின் பேட்டரி உப்பியிருக்கிறதா என்று இன்றைக்கே ஒருமுறை பாருங்கள்.

ஆக, அடுத்த தடவை விளம்பரத்தைப் பார்த்து வீட்டில் பேச்சு எழுந்தால், 'எந்த மாடல்' என்று ஆரம்பிக்காதீர்கள். எந்தப் போனுக்கு என்ன குறை, அதைச் சரிசெய்ய என்ன ஆகும், வீட்டில் அதிக வேலை செய்வது யார் போன், இந்த மூன்றையும் தாளில் எழுதி நடுவில் வையுங்கள். பதில் பேட்டரி என்று வந்தால் பேட்டரி. புதுப் போன் என்று வந்தால் புதுப் போன். அது உங்கள் பெயருக்கு வந்தால், "எனக்கெதுக்கு?" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்!